எம்.எம்.ஏ.வில் ஹேமர் ஃபிஸ்ட்: எப்போது, எங்கே, எப்படி அடிப்பது

கேள்வி இதுதான்: குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையில், தரையில் எதிராளிக்கு மேலே இருக்கும்போது ஹேமர் ஃபிஸ்ட், அதாவது முஷ்டியின் அடிப்பக்கத்தால் சுத்தியல்போல் இறக்கும் அடி, உண்மையில் பயன் தருமா, அல்லது களைத்துப்போனவர்கள் கையை வீசும் ஒரு பழக்கம்தானா? பயன் தரும் என்றால் எந்த நிலையிலிருந்து, எந்த இடத்தைப் பார்த்து அடிக்க வேண்டும்?

நன்றாகவே பயன் தரும். ஆனால் பலரும் அதைக் கையின் வித்தையாக நினைத்துப் பழகுகிறார்கள். அது உட்காரும் நிலையின் வித்தை. இடுப்பும் முழங்கால்களும் சரியாக ஊன்றியிருந்தால் சாதாரணக் கை கூட ஆட்டத்தை முடித்துவிடும். ஊன்றல் சரியில்லை என்றால் எவ்வளவு பலமான கையும் எதிராளியின் முழங்கை எலும்பில் மோதித் திரும்பும், அல்லது முழங்கையை மறுபக்கமாக வளைக்கும் ஆர்ம்பார் பூட்டில் மாட்டும். கீழே வரும் எல்லா விளக்கமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் அடி எது என்பதைச் சரியாகப் பிரித்துக்கொள்வோம். முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கம் உள்ள சதைப்பகுதியால் அடிப்பது ஹேமர் ஃபிஸ்ட். சுண்டுவிரல் உள்ளங்கையில் முளைக்கும் இடத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட மெத்தென்ற பகுதிதான் படவேண்டிய இடம். மொத்தம் நான்கைந்து விரல்கடை அகலம்தான் இருக்கும். அதற்கு மேலே போனால் மடங்கிய சுண்டுவிரலின் மூட்டு அடிபடும். கீழே போனால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு அடிபடும். கராத்தேயில் இதே அடிக்கு டெட்சுய் என்று பெயர், அதற்கும் இரும்புச் சுத்தியல் என்றுதான் பொருள். குத்துச்சண்டையில் கையுறையின் விரல்முட்டிப் பகுதியால் மட்டுமே அடிக்கலாம் என்பதால் அங்கே இது தவறு. எம்.எம்.ஏ.வில் இதற்குத் தடை இல்லை.

குத்து இருக்கும்போது இது எதற்கு?

மூன்று காரணங்கள். முதலாவது கையின் எலும்பு. மனிதக் கையில் 27 எலும்புகள். நேர்க்குத்து விழும்போது முழுச் சுமையும் விரல்முட்டிகள் வழியாக மெல்லிய உள்ளங்கை எலும்புகளில் இறங்குகிறது. மண்டையோட்டின் முன்பகுதி அந்த எலும்புகளைவிடப் பல மடங்கு கெட்டி. நெற்றியில் கோணலாக ஒரு குத்து விழுந்தால் சுண்டுவிரலுக்கு நேரான ஐந்தாவது உள்ளங்கை எலும்பு, விரல்முட்டியை ஒட்டிய அதன் கழுத்துப் பகுதியில் முறிவது மிகச் சாதாரணம். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1994 செப்டம்பரில், எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமைப்பான யூ.எஃப்.சி.யின் மூன்றாவது போட்டியில் கீத் ஹாக்னி, 270 கிலோவைத் தாண்டிய சூமோ வீரர் இமானுவேல் யார்பரோவைக் கீழே வீழ்த்தி, தலையில் அடித்து அடித்து வென்றார். ஆனால் கை உடைந்துபோனதால் அடுத்த சுற்றுக்கு வரமுடியவில்லை. அப்போது கையுறை கட்டாயமில்லை. இன்று கட்டாயம் என்றாலும் தொழில்முறைப் போட்டியின் கையுறை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம்தான். எலும்பைக் காப்பாற்ற அது போதாது.

இரண்டாவது காரணம் மணிக்கட்டு. நேர்க்குத்தில் முன்கையும் மணிக்கட்டும் விரல்முட்டியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தரையில், எதிராளி தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கோடு அடிக்கடி கலையும். ஹேமர் ஃபிஸ்ட்டுக்கு அந்த ஒழுங்கு அவ்வளவு அவசியமில்லை. மூன்றாம் ரவுண்டில் கை தளர்ந்த பிறகும் இந்த அடி ஓரளவு உருப்படியாக விழுவதற்கு இதுதான் காரணம். களைத்தவரின் பழக்கம் என்று தோன்றுவதும் இதனால்தான்.

மூன்றாவது காரணம், கோணம். எதிராளி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டால் நேர்க்குத்துக்கு வழி இல்லை. மேலிருந்து விழும் முஷ்டிக்கு அந்தக் கன்னமும் பொட்டும் (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடம்) அப்படியே திறந்து கிடக்கும். தலைக்கு அடியில் தரை இருப்பதால் அடியோடு சேர்ந்து தலை நகர்ந்து தப்பவும் இடமில்லை. ஆனால் இரண்டு முன்கைகளையும் செங்குத்தாக நிறுத்தி முகத்தை மூடியிருப்பவர் மேல் ஹேமர் ஃபிஸ்ட் பெரும்பாலும் வீண். இடுக்கில் நுழைவது நேர்க்குத்துதான். இந்த இரண்டில் எது பெரியது என்று வாதம் செய்வதைவிட, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது.

அடியின் உடலியக்கம்

முஷ்டியை இறுக்கமாக மடக்குங்கள். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேலே இருக்கட்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தளர்ந்திருந்தால் முதல் அடியிலேயே சுண்டுவிரல் விலகிக்கொண்டு போய் மூட்டு பிசகும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கமாக வளைத்தால் அடி விரலில் விழும், கட்டைவிரல் பக்கமாக வளைத்தால் மணிக்கட்டு எலும்பில் விழும்.

முழங்கை சுமார் 90 பாகை மடங்கிய நிலையில் முஷ்டியை உங்கள் காது உயரத்துக்குத் தூக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். தலைக்கு மேலே தூக்கினால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் எதிராளிக்கு அடி வருவது தெரிந்துவிடும், உங்கள் அக்குளும் விலாவும் திறந்துகொள்ளும், உடலும் பின்னால் சாயும். இறக்கும்போது முழங்கை முதலில் இறங்க வேண்டும், முஷ்டி அதைத் தொடர வேண்டும். சுத்தியல் பிடிக்கும் தச்சரைப் பார்த்தால் இது புரியும்: பிடி தளர்வாக இருக்கும், ஆணியில் படும் கணத்தில் மட்டும் இறுகும், பட்டவுடன் சுத்தியல் தானாகத் திரும்பிவிடும். ஆணியின் மேல் யாரும் சுத்தியலை அழுத்திக்கொண்டு நிற்பதில்லை. இங்கும் அடித்த கை முகத்தின் மேலேயே தங்கினால் எதிராளி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

முழங்கை முழுதாக நீண்டுவிடவும் கூடாது. பட்ட கணத்தில் இன்னும் சற்று மடக்கு இருந்தால்தான் உடலின் எடை கை வழியாகப் போகும். நீண்ட கையால் அடித்தால் கையின் எடை மட்டும்தான் போகும்.

எடை என்பதுதான் இங்கே எல்லாம். தோளை மட்டும் ஆட்டி அடிப்பவரின் அடி சடசடவென்று சத்தம் போடும், வேறொன்றும் செய்யாது. முஷ்டி இறங்கும் அதே நேரத்தில் வயிற்றைச் சுருக்கி, மார்பை அரை சாண் அளவு கீழே விடுங்கள், உடனே நிமிர்ந்துவிடுங்கள். அடிக்கும் பக்கத்து இடுப்பும் லேசாகத் திரும்ப வேண்டும். அரை சாணுக்கு மேல் குனிந்தால் எதிராளி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார், அதோடு அடி முடிந்தது.

எங்கே விழவேண்டும்

தாடையின் ஓரம், கன்ன எலும்பு, பொட்டு, மூக்கு. இந்த நான்குதான் பயனுள்ள இலக்குகள். தாடையும் பொட்டும் நினைவைத் தடுமாறச் செய்யும். மூக்கில் பட்டால் கண்ணில் நீர் நிறையும், மூச்சு கெடும், இரண்டும் எதிராளியின் தற்காப்பைக் குலைக்கும். நெற்றியில் அடிப்பதால் கிடைப்பது குறைவு.

காதுக்குப் பின்னால் போவதை அடியோடு விட்டுவிடுங்கள். எம்.எம்.ஏ.வின் பொது விதித்தொகுப்பான ஒருங்கிணைந்த விதிகள் பின்மண்டை என்பதைத் துல்லியமாக வரையறுத்திருக்கின்றன: உச்சந்தலையிலிருந்து தலையின் நடுக்கோட்டில் இறங்கும் பட்டை, கோட்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலம், பிடரிக்கு வந்தவுடன் அது கழுத்தின் முழு அகலத்துக்கும் விரிகிறது, அங்கிருந்து முதுகுத்தண்டு வழியாக, மறுபடி இருபுறமும் ஓர் அங்குலம் என, வால் எலும்பு வரை. இந்தப் பகுதியில் அடித்தால் எச்சரிக்கை, புள்ளிக் கழிப்பு, தகுதிநீக்கம் மூன்றும் சாத்தியம். அங்குலக் கணக்கைப் பார்த்தால் காதுக்குச் சற்றுப் பின்னால் அடிப்பதற்குச் சட்டப்படி இடம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் தலை ஒரு நொடியில் திரும்பிவிடும், நடுவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஆகவே காதையே எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன்னால் மட்டும் அடியுங்கள். இது விதிக்காக மட்டும் அல்ல. மூளையின் அடிப்பகுதியும் தண்டுவடமும் சேரும் இடம் அது. அங்கே விழும் அடி ஒருவரின் வாழ்க்கையையே மாற்றிவிடலாம்.

2012 ஜனவரியில் யூ.எஃப்.சி. 142 போட்டியில் எரிக் சில்வா, கார்லோ பிரேட்டரை 29 நொடியில் வீழ்த்தினார். ஆனால் கீழே விழுந்தவர் மேல் இறங்கிய அடிகள் பின்மண்டையில் பட்டதாக நடுவர் முடிவுசெய்ததால் சில்வாவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று அப்போதே பெரிய விவாதம் நடந்தது. விவாதம் எப்படிப் போனாலும் தோல்வி அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். செங்குத்தாக மேலிருந்து கீழே இறங்கும் முழங்கை அடி நீண்டகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2009 டிசம்பரில் மேட் ஹாமிலுடன் நடந்த ஆட்டத்தில் ஜான் ஜோன்ஸ் தோற்றதாக அறிவிக்கப்பட்டது அந்த விதியால்தான். 2024 நவம்பர் முதல் அந்தத் தடை விதிகளிலிருந்து நீங்கிவிட்டது. அது முழங்கை முனைக்கான தடை. முஷ்டியால் செங்குத்தாக அடிப்பதற்கு அந்த விதி எப்போதும் பொருந்தியதில்லை.

நிலைகள், ஒவ்வொன்றாக

முழு கார்டுக்குள், அதாவது மல்லாந்து கிடக்கும் எதிராளியின் இரண்டு கால்களும் உங்கள் இடுப்பைச் சுற்றியிருக்கும்போதுதான் பெரும்பாலோர் முதலில் முயல்வார்கள், அதிகம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். முழங்கால்கள் அகலமாக, கால்விரல்கள் தரையில் ஊன்றியபடி, தலை இடுப்புக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நிமிர்ந்து இந்த நிலைக்கு வராமல் கையைத் தூக்கவே கூடாது. வலது கையால் அடிக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் இடது கையால் எதிராளியின் இடது மணிக்கட்டைக் குறுக்காகப் பிடித்து அவருடைய வயிற்றில் அழுத்துங்கள். அவருடைய முகத்தின் இடது பாதி காவலின்றி இருக்கும். ஒன்று அல்லது இரண்டு அடி, உடனே வலது கை அவருடைய மார்புக்கோ புஜத்துக்கோ திரும்ப வேண்டும். அடித்த கையைத் தரையில் ஊன்றினால் தோளை முறுக்கும் கிமுரா பூட்டுக்கு வழி திறந்துவிடும். ஒரு கை அவருடைய தொடைகளுக்கு உள்ளேயும் மற்றொரு கை வெளியேயும் இருந்தால் அது கால்களால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிளுக்கு நீங்களே விடும் அழைப்பு. இரண்டு கையும் உள்ளே, அல்லது இரண்டும் வெளியே. இந்த ஒரு விதியை மனதில் வைத்தாலே கார்டில் பாதிச் சிக்கல் தீரும்.

ஹாஃப் கார்டுதான், அதாவது உங்கள் ஒரு கால் மட்டும் எதிராளியின் கால்களுக்கு நடுவே மாட்டியிருக்கும் நிலைதான், இந்த அடிக்கு மிகச் சிறந்த இடம் என்பது என் திடமான கருத்து. எதிராளியின் முதுகு தரையில் தட்டையாகக் கிடக்கிறது, உங்கள் தோள் அவருடைய தாடையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறது, அவர் இடுப்பைத் திருப்ப முடியவில்லை என்றால், உங்களுடைய ஒரு கை முழுக்கச் சும்மா இருக்கிறது என்று பொருள். அந்தக் கையால் குட்டையாக, கடிகார ஒழுங்கில் அடிக்கலாம். முஷ்டியை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூக்கினாலே போதும். அவர் உங்கள் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, அதாவது அண்டர்ஹூக் போட்டு, எழத் தொடங்கினால் அடியை உடனே நிறுத்தி அந்தக் கையை அடக்குங்கள். இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு அடக்கலாம் என்று நினைப்பவர் கீழே போய்விடுவார்.

இதற்கு ஒரே ஜோடியின் இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் யூ.எஃப்.சி. 81 போட்டியில் பிராக் லெஸ்னர், ஃபிராங்க் மியரைத் தொடங்கியதுமே கீழே தள்ளி அவசர அவசரமாக அடித்தார். பின்தலையில் பட்ட அடிக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஒரு புள்ளியைக் கழித்தார். சற்று நேரத்தில் லெஸ்னரின் கால் மாட்டி, முதல் ரவுண்டின் 1 நிமிடம் 30 நொடியில் முழங்காலை நீட்டிப் பூட்டும் நீபாரில் தோற்றார். 2009 ஜூலையில் யூ.எஃப்.சி. 100 போட்டியில் அதே மியரை ஹாஃப் கார்டில் அசையவிடாமல் அழுத்தி, கையை அடக்கி, குட்டையான அடிகளாகவே விட்டார். இரண்டாம் ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். இரண்டாவது ஆட்டத்தில் விழுந்தவை பெரும்பாலும் விரல்முட்டியால் விட்ட குத்துகள்தான். ஆனாலும் ஹேமர் ஃபிஸ்ட் பழகுபவர் பார்க்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. இரண்டு ஆட்டத்திலும் கை ஒன்றுதான், பலமும் ஒன்றுதான். முதலில் ஆளை நிலைப்படுத்தினாரா என்பது மட்டும்தான் வேறு.

சைடு கன்ட்ரோலில், அதாவது எதிராளியின் மார்பின் மேல் குறுக்காகப் படுத்து அழுத்தும்போது, சாதாரணமாக அடிக்க இடம் குறைவு, முழங்கை அங்கே பொருத்தம். ஆனால் எதிராளியின் அருகிலுள்ள கையை உங்கள் கால்களுக்கு இடையே பூட்டி, மற்றொரு கையையும் பிடித்துக்கொண்டு சிலுவை நிலைக்குப் போய்விட்டால், அவருக்கு முகத்தை மறைக்கக் கை இல்லை. அங்கே எண்ணிக்கைதான் வெல்லும், பலம் இரண்டாம்பட்சம். ஐந்தாறு சுத்தமான அடிகள் தொடர்ந்து விழுந்து, அவரிடமிருந்து அறிவார்ந்த தற்காப்பு இல்லை என்று பட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

மவுண்ட்டில், அதாவது எதிராளியின் உடலுக்கு இருபுறமும் முழங்காலிட்டு அவர் மேல் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு தொடர்வரிசை நன்றாக வேலை செய்யும். இரண்டு நேர்க்குத்து நடுவே விடுங்கள். அவர் முன்கைகளை முகத்துக்கு முன்னால் ஒட்டி மூடுவார். அப்போது வெளிப்பக்கமாக வளைந்து வரும் ஹேமர் ஃபிஸ்ட்டைக் கன்ன எலும்புக்கும் பொட்டுக்கும் விடுங்கள். அதைத் தடுக்கக் கைகளை அகட்டுவார், நடு மறுபடி திறக்கும். உள்ளே, வெளியே, உள்ளே என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே கையால் ஒரே பாதையில் பத்து அடி விட்டால் மூன்றாவது அடியிலேயே அவர் அளவு பிடித்துக்கொள்வார். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்குவதும் வேண்டாம். ஒரு கையாவது தரையில் ஊன்றத் தயாராக இருந்தால்தான் அவர் இடுப்பை மேலே தூக்கிப் பாலம்போட்டு உங்களை உருட்டும்போது தாங்க முடியும். உங்கள் முழங்கால்கள் அவருடைய அக்குளை நோக்கி ஏறியிருந்தால் உருட்டுவது கடினம், ஆனால் அடிக்கும் தூரம் குறுகும். இடுப்பின் மேல் உட்கார்ந்தால் தூரம் கிடைக்கும், உருட்டுவது எளிது. தொடக்கத்தில் மேலே ஏறி, அவருடைய கைகள் சோர்ந்த பிறகு சற்றுக் கீழே இறங்கி நிமிர்வது என் பரிந்துரை.

டர்டில் நிலையில், அதாவது எதிராளி முழங்காலும் முழங்கையும் ஊன்றிக் குறுகிக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து செங்குத்தாக விடும் அடி ஏறக்குறைய எப்போதும் பின்மண்டையில்தான் விழும். பக்கவாட்டிலிருந்து, அவருடைய தோளுக்கு முன்னால் கையைக் கொண்டுபோய், உள்நோக்கி வளைத்துக் கன்னத்தில் அடியுங்கள். முஷ்டியின் அடிப்பக்கம் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மற்றொரு கை அவருடைய இடுப்பைச் சுற்றியோ, எதிர்ப்பக்க மணிக்கட்டைப் பிடித்தோ இருக்கட்டும். முகம் கிடைக்கவில்லை என்றால் அடிக்காதீர்கள். முதுகை எடுக்க, அதாவது அவருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளப் போங்கள்.

நின்றபடி கீழே கிடப்பவரை அடிப்பது பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும், ஆபத்தும் அதற்கு ஈடாக இருக்கும். கீழிருப்பவரின் கால்கள் உங்கள் தாடையை எட்டும். முதலில் கணுக்கால்களைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளி, அவருடைய இடுப்புக்கு வெளியே காலை வைத்து, அதன் பிறகு எடையோடு சேர்ந்து இறங்க வேண்டும். அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே உங்கள் ஒரு காலை விட்டு அடிப்பதுதான் குதிகாலைத் திருகி முழங்காலை முறுக்கும் ஹீல்ஹூக்கில் மாட்டும் வழக்கமான வழி. எதிராளி நினைவு தடுமாறி விழுந்திருந்தால் கணக்கு வேறு. 2015 டிசம்பரில் கானர் மெக்ரெகர் இடது கைக் குத்தில் ஜோசே ஆல்டோவைச் சாய்த்து, விழுந்தவர் மேல் ஹேமர் ஃபிஸ்ட்டுகளை இறக்க, 13 நொடியில் ஆட்டம் முடிந்தது. பாய்ந்து இறங்கும்போது மணிக்கட்டை நேராக்கி நேர்க்குத்துவிட நேரமில்லாத அந்தக் கணத்துக்கு இந்த அடி இயல்பாகவே பொருந்துகிறது.

கம்பிக்கூண்டான கேஜின் ஓரத்தில் சிங்கிள் லெக்கை, அதாவது உங்கள் ஒரு காலைப் பிடித்துக் கீழே வீழ்த்தும் முயற்சியைத் தடுக்கும்போதும் பலர் அடிப்பார்கள். முதுகு கம்பியில், ஒரு கையால் அவருடைய தோளுக்கு மேலாகக் கொக்கி போட்டபடி, மறுகையால் முகத்தின் பக்கத்தில் விடலாம். ஆனால் அவர் முகத்தை உங்கள் தொடையில் ஒட்டி மறைத்திருந்தால் மேலே தெரிவது பின்மண்டை மட்டும்தான். அப்போது உள்ளங்கையால் தலையைக் கீழே தள்ளிக் காலை விடுவிப்பதே சரி.

கீழிருந்து அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புவியீர்ப்பு எதிராக இருக்கிறது, எடை பின்னால் இல்லை. எதிராளியின் கவனத்தைக் கலைத்து அவருடைய கையை நகர்த்துவதற்கு மட்டும் உதவும். நின்று ஆடும்போது, சுழன்று விடும் பின்கை அடியில் புறங்கைக்குப் பதிலாக முஷ்டியின் இந்த அடிப்பக்கம் படும்படி பழகுவது நல்லது. புறங்கையின் மெல்லிய எலும்புகள் எதிராளியின் முழங்கையில் மோதுவது தவிரும்.

எது தவறிப்போகிறது

எதிராளியின் முழங்கை முனையில் அடிப்பது முதல் பிரச்சினை. அவர் கையை மடக்கித் தலையை மறைக்கும்போது அந்த முனை சரியாக மேல்நோக்கி நிற்கும். முழு வேகத்தில் அதன்மேல் இறங்கினால் உங்கள் கைதான் போகும். முழங்கை மேலே தெரிந்தால் முதலில் அந்தக் கையைத் தள்ளுங்கள், அல்லது கீழே விலாவுக்குக் குத்துங்கள், கை தானாக இறங்கும்.

தவறவிட்ட அடி தரையில் விழுவது இன்னொன்று. மெத்தைக்கு அடியில் பலகை இருக்கும். அவர் தலையை நகர்த்தப் பழகியவர் என்றால், கன்னத்தின் ஒரு பக்கம் உங்கள் மற்றொரு கையை வைத்துத் தலையை நிறுத்திவிட்டு அடியுங்கள்.

மூச்சு மூன்றாவது. ஆட்டம் முடியப்போகிறது என்ற ஆவேசத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது அடி விடுவார்கள். நடுவர் நிறுத்தாமல் எதிராளி தப்பித்துவிட்டால், அடுத்த நிமிடம் முழுக்க இவருக்குக் கையைத் தூக்கவே முடியாது. ஐந்தாறு அடி, ஒரு நிதானம், நிலையைச் சரிபார்த்தல், மறுபடி ஐந்தாறு. ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வெளியேற வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் நம்பி லேசாகத் தட்டிக்கொண்டிருப்பதும் பயனில்லை. நடுவர்குழு புள்ளியிடும்போது முதலில் பார்ப்பது அடியின் தாக்கத்தைத்தான். நாற்பது செல்லத் தட்டல்களைவிட எதிராளியின் உடல்மொழியை மாற்றிய மூன்று அடிகளுக்கு மதிப்பு அதிகம்.

காயங்கள்

சதைப்பகுதி எலும்பைக் காக்கிறது என்றேன். அது முழுப் பாதுகாப்பு அல்ல. அந்தச் சதைக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டி, கொக்கி வடிவ எலும்பு ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தரும் நரம்பும் ஒரு ரத்தக்குழாயும் போகின்றன. எம்.எம்.ஏ. கையுறையின் பஞ்சு விரல்முட்டிக்கும் புறங்கைக்கும்தான் இருக்கிறது, இந்தப் பக்கத்துக்கு ஏறக்குறைய இல்லை. கடினமான பரப்பில் தினமும் அடித்துக்கொண்டிருந்தால் பாதிப்பு சேரும். எதையாவது இறுகப் பிடிக்கும்போது சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் ஆழமான வலி வந்தால் அந்தக் கொக்கி எலும்பில் முறிவு இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதும் உண்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் நரம்பு. விரல் வெளுத்து, குளிரில் வலித்தால் ரத்தக்குழாய். இந்த மூன்றில் எது வந்தாலும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐஸ் வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

பயிற்சி

35 முதல் 45 கிலோ எடையுள்ள பையைத் தரையில் படுக்கவைத்து அதன்மேல் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் பாதி பலத்தில் மட்டும். முதல் ரவுண்டு 3 நிமிடம், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிமிர்ந்து, ஒரு கையால் பையை அழுத்தி, மெதுவாக. இரண்டாவது ரவுண்டில் 20 நொடி வெறும் எடை அழுத்தமும் இடமாற்றமும், 10 நொடி அடி, இதையே ஆறு முறை. மூன்றாவது ரவுண்டில் இரண்டு நேர்க்குத்து, ஒரு ஹேமர் ஃபிஸ்ட், ஒரு முழங்கை என்று கலந்து. இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு பயிற்சிக்கு 200 அடிக்கு மேல் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் போதும். கையைக் கெட்டியாக்குகிறேன் என்று மரத்திலோ மணலிலோ அடிக்காதீர்கள், மேலே சொன்ன நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டியாவதில்லை.

இலக்கு பழக, பையில் முகத்தின் அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு அடியையும் எண்ணுங்கள். களைத்த பிறகு அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று பார்த்தால், போட்டியில் புள்ளி எங்கே போகும் என்பது தெரிந்துவிடும்.

துணையோடு பழகும்போது முகத்தில் இந்த அடியை விடவே வேண்டாம். தலைக்குப் பக்கத்தில் மெத்தையிலோ, மார்பின் மேல் பிடித்த பேடிலோ விடுங்கள். கீழே கிடப்பவரின் தலை தரையில் முட்டிக்கொண்டிருப்பதால் லேசான அடியும் அவருக்கு லேசானதாக இருக்காது. நிலை, கை அடக்கம், நிமிர்தல் எல்லாம் முழு எதிர்ப்போடு நடக்கலாம், அடி மட்டும் தொடுதலாக இருக்கட்டும். கீழிருப்பவர் ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்க முயலட்டும். ஐந்தில் மூன்று முறை பிடித்துவிடுகிறார் என்றால் கையை மெதுவாகத் திருப்புகிறீர்கள் என்று பொருள்.

அமெச்சூர் போட்டியில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரையில் முகத்தில் அடிக்கலாமா, முழங்கை உண்டா, எந்த எடைக் கையுறை என்பதெல்லாம் அமைப்புக்கு அமைப்பு மாறும். போட்டிக்கு முந்தைய விதிக் கூட்டத்தில் நடுவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பின்மண்டை என்று நீங்கள் எதைக் கணக்கில் எடுக்கிறீர்கள், டர்டிலில் எத்தனை பதிலில்லாத அடிக்குப் பிறகு நிறுத்துவீர்கள். பதிலைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலான நடுவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.